பதினெட்டு கிராம்

மொதேனாவுக்கு வெளியே, பன்றிப் பண்ணை தாண்டி,
இரவு ஷிஃப்டில் பந்தயக் கார்களுக்கு இறக்கை சமைக்கிறேன்.
சமைப்பது என்பதே சரியான சொல்:
நூற்று இருபது டிகிரி, ஆறு பார் அழுத்தம், இரண்டு மணி நேரம்.
உலையின் ஓரத்தில் ஒரு கையகல இடம்
எப்போதும் மிச்சம்.

என் போனின் கண்ணாடி முதுகு
பெட்ரோல் பங்கில் விழுந்ததிலிருந்து
சிலந்தி குடிவந்த மாதிரி இருந்தது.
பேசி முடித்தால் விரலில் ரத்தம்.
மாற்றித் தரக் கடைக்காரன் கேட்டது
அரை மாத வாடகை.

கழிவுக் கூடையில் கார்பன் துணி கிடந்தது.
உறைபெட்டிக்கு வெளியே நாள் அதிகமாகிக்
காலாவதியான துண்டு, காருக்கு ஆகாது.
மணிக்கு முந்நூறு கிலோமீட்டர் ஓடாத எனக்கு
ஆகும்.

ஹேர் டிரையரால் பசையை இளக்கினேன்.
உடைந்த கண்ணாடியையே அச்சுக்கு மாதிரியாக்கினேன்,
விரிசல்களைப் பட்டி வைத்து நிரவி, மெழுகு தேய்த்து.
மூன்று அடுக்குத் துணி, நடு அடுக்கைச் சாய்த்து.
யாரோ ஒரு பணக்காரரின் முன்னிறக்கைக்குப் பக்கத்தில்
என் போனின் முதுகும் வெந்தது.

எடுத்துப் பார்த்தால் கறுப்புக்குள் கறுப்பு,
சாய்த்தால் மீன் செதில்.
மூலையில் மட்டும் ஒரு மயிரிழைக் கோடு:
நான் நிரவ மறந்த ஒரே விரிசல்
கார்பனிலும் வந்து உட்கார்ந்திருந்தது.
இருக்கட்டும் என்று விட்டேன்.

தராசில் கண்ணாடி இருபத்தாறு கிராம்.
இது எட்டு.
காரில் பதினெட்டு கிராம் குறைந்தால்
பொறியாளர்கள் கட்டிப் பிடித்துக்கொள்வார்கள்.
நான் சட்டைப் பையைத் தட்டிக்கொண்டேன்.

திங்கள் விடியலில் மாட்டினேன்.
அன்று யாரும் கூப்பிடவில்லை, நிம்மதி.
மறுநாளும் இல்லை.
அண்ணன் இவானோ கூட இல்லை,
எதையாவது இரவல் கேட்காமல்
அவனுக்கு ஒரு வாரம் கழியாதே.
என் அறையில் வைஃபை கிடையாது.
திரையின் மூலையில் ஒற்றைக் கோடு எரிந்தபடி இருந்தது,
அதை நம்பினேன்.
புதனன்று கண்ணாடி முன் நின்று
நான் எப்போது இப்படி
யாருக்கும் தேவைப்படாதவன் ஆனேன் என்று
பல் விளக்கியபடி கணக்குப் பார்த்தேன்.

வியாழன் இரவு நீவெஸ் அதைக் கையில் வாங்கினாள்.
நெசவைப் பார்த்தாள், நகத்தால் மூலையைச் சுண்டினாள்,
பிறகு சிரித்த சிரிப்பில் முகக்கவசம் நழுவியது.
“லோரிஸ், கார்பன் மின்சாரம் கடத்துமடா.
ஆன்டெனாவை உயிரோடு பெட்டியில் வைத்து
ஆணி அடித்திருக்கிறாய்.
கார்களில் ஆன்டெனாவுக்கு மேல் மட்டும்
கண்ணாடி இழை வைக்கிறோமே, அழகுக்கா?”

பதினொரு வருடமாய் அந்தத் துண்டை வைப்பது
இந்தக் கைதான்.
கைக்குத் தெரிந்ததைத்
தலைக்கு யாரும் சொல்லவில்லை.

ரம்பத்தால் மேலே ஒரு பட்டை, கீழே ஒரு பட்டை
வெட்டி எடுத்தேன்.
அவ்விடங்களில் கண்ணாடி இழையை ஒட்டி
மீண்டும் உலையில்.
இப்போது அது அழகாக இல்லை,
வயிறு வெளுத்த பூனை மாதிரி இருந்தது.
எடை பதினொன்று. பெருமையில் மூன்று கிராம் போயிற்று.

வெள்ளி, காலை ஐந்து மணி, கார் நிறுத்துமிடம்,
கால் தெரியாத மூடுபனி.
போன் நடுங்கத் தொடங்கி நிற்கவே இல்லை.

இவானோ: ஏணி இருக்கிறதா?
இவானோ: வேண்டாம், பக்கத்து வீட்டில் வாங்கிவிட்டேன்.
இவானோ: விழுந்துவிட்டேன்.
பிறகு மாவுக்கட்டுப் போட்ட கால்,
புகைப்படத்தில் கட்டைவிரல் மட்டும் வெளியே.

பல் மருத்துவர், இரண்டு முறை.

அப்புறம் ஃபெராராவிலிருந்து அவள்,
மார்ச்சில் ஒரே ஒருமுறை சந்தித்தவள்.
செவ்வாய்: ஞாயிறு மதியம் விலாங்கு மீன் சுடுகிறேன், வருகிறாயா?
புதன்: ஒரு கேள்விக்குறி மட்டும்.
வியாழன்: ஒன்றுமில்லை.

வியாழனைத்தான்
நெடுநேரம் படித்துக்கொண்டு நின்றேன்.
சிக்னலில் நான்கு கோடுகள்.
விரல் நுனிக்கு அடியில்
அந்த மயிரிழை.